ஐந்தாம் எண் அவனுடையது

கொய்யைக்கேயில் நிபால்டோவின் கடை.
மேசைமேல் நான்கு ஜோடி லீவர்கள்,
கசாப்புக் கடையில் விலா எலும்பு பரப்பியதுபோல்.
வெளியே காற்று. தகரக் கூரையோடு அதற்கு
இன்றைக்கும் ஓயாத பேச்சு.

குட்டையானவைதான் அழகு என்றான் எவாரிஸ்டோ.
இரண்டு விரல் போதும், பந்தய வண்டி மாதிரி.
கறுப்பில் சிவப்புத் திருகு வேறு.
அழகைப் பிடித்துக்கொண்டு
அறுநூறு கிலோமீட்டர் சரளையில் போவாயா என்றேன்.
ஜனவரிப் பயணம் இது.
பெட்டி இரண்டு, கூடாரம், பின்னால் நான்.
நீண்ட கடப்பாரைக்குப் பாறையும் அசையும்;
லீவரும் அந்த ஜாதிதான்.

மலிவான ஜோடியை நிபால்டோவே ஒதுக்கினான்.
முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான்.
விழப்போகிற பால்பல்.
"பிரேக்கில் இந்த ஆட்டம் வேண்டாம், சென்யோரா.
கிளட்ச் பொய் சொன்னால் வண்டி நின்றுவிடும்.
பிரேக் பொய் சொன்னால் நிற்காது."

கடைசியில் நீளமானதே.
கீழே விழுந்தாலும் முறியாமல் மடங்கிக்கொள்ளும் வகை.
விலையைச் சொன்னபோது
இருவரும் ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.
பிறகு வாங்கினோம்.

திருகில் ஆறு எண்கள்.
ஒன்று கைக்கு ஒட்டி, ஆறு எட்டத்தில்.
எனக்குச் சின்னக் கை,
கையுறை வாங்கச் சிறுவர் அடுக்குக்குப் போகிறவள்.
எனக்கு இரண்டு.
மின்வேலிக் கம்பி இழுத்து நீண்ட விரல்கள் அவனுக்கு.
அவனுக்கு ஐந்து.

வண்டி ஒன்றுதான்.
வாரநாளில் பண்ணை பண்ணையாக
தடுப்பூசிப் பெட்டியோடு நான்.
சனி ஞாயிறு அவன்.
திங்கள் காலையில் ஏறி உட்கார்ந்ததும்
வலப்பக்கம் மூன்று சொடுக்கு, இடப்பக்கம் மூன்று.
அவனைக் கழற்றி
என்னை மாட்டிக்கொள்வேன்.

ஏப்ரலில் ஒரு திங்கள்,
இடப்பக்கம் இரண்டே சொடுக்கு.
எண்ணத் தவறினேன் போலிருக்கிறது.
மே மாதம் ஒன்று.
அப்புறம் ஒரு காலை
கை போன இடத்திலேயே லீவர் இருந்தது,
திருப்ப எதுவுமில்லை.
பிரேக் மட்டும் அப்படியே, ஐந்தில், வீம்பாக.

பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன.
ஜாம் பாட்டிலை என் பக்கம் தள்ளி
"நீ திற, நான் ரொட்டி வெட்டுகிறேன்" என்பது.
மாத்தே கிண்ணம் வலது கைக்குக் குடிபெயர்ந்தது.
படுக்கையில் இடது கையைத்
தொடைக்கு அடியில் சூடேற்றுவது.
எனக்கு இதற்கெல்லாம் பெயர்கள் தெரியும்,
படித்த பெயர்கள், மருந்துச் சீட்டில் எழுதுகிற பெயர்கள்.
ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்
நான் வாய் மூடாதவள் என்று.
கேட்கவில்லை.

நிபால்டோவிடம் போனேன்.
எஞ்சின் பக்கம், கிளட்ச் கம்பி வந்து சேருமிடத்தில்
ஒரு குட்டி இரும்புக் கை உண்டாம்.
அதை இரண்டு சென்டிமீட்டர் நீட்டினால்
பிடி வெண்ணெயாகும்.
"ஆனால் கியர் முழுசாக விடாது.
சிக்னலில் நியூட்ரல் தேடித் திட்டுவான்."
திட்டட்டும்.
வெள்ளி சாயங்காலம் பூட்டிக் கொடுத்தான்.
பழைய அழுக்கையே கொஞ்சம் வழித்து
புது இரும்பில் பூசினான்.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஞாயிறு அவன் பால்மசேடா வரை போய்வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்:
நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது,
எண்ணெய் மாற்றணும், அந்த நிபால்டோ
கண்ட எண்ணெயை ஊற்றுகிறான்.
ஆமாம் ஆமாம் என்று
உருளைக்கிழங்கு உரித்தேன்.

திங்கள் காலை. உறைபனி.
கையுறை போடுமுன் வெறும் விரலால் தடவிப் பார்த்தேன்.
நான்கு.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.
உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.
அவனுக்கும் எண்ணத் தெரியும்.
ஒவ்வொன்றாக,
இடைவெளி விட்டு,
இரண்டு சொடுக்கு திருப்பினேன்.